தொட்டிலும் படமும்

குழந்தைக்குப் பெயரிடும் நாளில் படம் பிடிக்க எவரை அழைப்பது என்பது ஒரு சிறு வீட்டுக் காரியம். இதில் அறம் பேச என்ன இருக்கிறது என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சிறு காரியங்களிலேதான் மனிதனுடைய கொள்கை சோதிக்கப்படுகிறது என்பது நமது துணிபு. மேடையேறிச் சமத்துவம் பேசுவது எளிது. தன் வீட்டுக் கூடத்தில், தன் குழந்தையின் தொட்டிலண்டை, எவர் நிற்கலாம், எவர் நிற்கலாகாது என்று முடிவு செய்யும் வேளையில் அந்தச் சமத்துவம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை நாம் கண்டிருக்கிறோம். அதனை ஒளிந்துகொள்ள விடாமல் பிடித்து வைக்கும் கருவி ஒன்று உண்டு. அதுவே புகைப்படம்.

சிங்கப்பூரில் காத்தோங் பகுதியில் வாழும் தெலுங்கு நண்பர் ஒருவர் சில திங்கட்கு முன் நம்மை அழைத்திருந்தார். காத்தோங் முன்னாளில் கடலோரச் சிற்றூர். 1966ஆம் ஆண்டில் தொடங்கிய நிலமீட்பு வேலையால் கடல் எட்டப் போயிற்று. இன்று ஜூ சியாட் சாலையின் பெரனாக்கான் கடைவீடுகளும், சிலோன் சாலையில் யாழ்ப்பாணத் தமிழர் போற்றி வளர்த்த செண்பக விநாயகர் ஆலயமும் அருகருகே விளங்கும் பல இனத்தார் வாழிடம் அது. நண்பரின் பாட்டனார் மலாயாவின் கீழ்ப் பேராக்கில் தென்னந்தோட்டத் தொழிலாளியாக இருந்தவர். நண்பரின் மனைவியார் கோதாவரிக் கரையிலுள்ள இராஜமகேந்திரவரத்திலிருந்து வந்தவர். அவர்களுக்கு இரண்டாவது மகவு பிறந்திருந்தது. இருபத்தொன்றாம் நாள் பெயரிடு விழா. மூன்று புகைப்படக்காரர்களின் கட்டண விவரங்களை மேசைமீது விரித்து வைத்து, "இவர்களில் எவரை அமர்த்தலாம், சொல்லுங்கள்" என்று நம்மைக் கேட்டார்.

நாம் படக்கலையில் வல்லவரல்லோம். ஆயினும் கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெலுங்கர் தம் குழந்தைகட்குச் செய்யும் சடங்குகள் தமிழர்க்கு முற்றிலும் புதியன அல்ல. பெயரிடுவதையும் தொட்டிலில் இடுவதையும் சேர்த்துப் பாரசாலை என்பர். பதினொன்றாம் நாளிலோ இருபத்தொன்றாம் நாளிலோ அது நடைபெறும். தட்டில் பரப்பிய அரிசியின்மேல் தந்தை மோதிரத்தால் குழந்தையின் பெயரை எழுதுவார். தந்தையின் தமக்கையோ தங்கையோ தொட்டிலண்டை முன்னிற்பாள். ஆறாம் திங்களை ஒட்டி அன்னப் பிராசனம், அதாவது முதற் சோறூட்டல். அன்று குழந்தையின் முன் புத்தகம், எழுதுகோல், பொன், பூ, பணம், கத்தி முதலியவற்றைப் பரப்பி, அது எதனைப் பற்றுகிறது என்று பார்ப்பர். பிறவிமுடி களைதலில் முதற் கற்றையைக் கத்தரிப்பவர் தாய்மாமன். போகிப் பண்டிகையன்று மாலையில் சிறாரின் தலைமேல் இலந்தைப் பழமும் காசும் மலரிதழும் கரும்புத் துண்டும் கலந்து சொரிவர். குழந்தை குப்புறக் கவிழ்ந்தாலும், அடியெடுத்து வைத்தாலும், மழலை பேசினாலும், அதற்கென ஒவ்வொரு பலகாரம் செய்து அயலாருக்கு வழங்குவர். இவற்றுள் பல, குழந்தை வளர்வதைக் கண்டு மனிதர் கொள்ளும் மகிழ்ச்சியன்றி வேறல்ல.

"சீர்திருத்தம் பேசும் ஏடு சடங்கைப் பாராட்டலாமோ? 1929இல் பெரியார் மலாயா வந்து சென்ற பின்னும், 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிய பின்னும், இப்பேச்சு எதற்கு?" என்று தோழர் சிலர் கடிந்துகொள்ளலாம். குழந்தைக்குப் பெயர் வேண்டும். பெயரிடும் நாளில் சுற்றம் கூடுவதும், உண்பதும், மகிழ்வதும் தீங்கல்ல. புகையும், பொருள் விளங்கா மந்திரமும், ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்தும் வழக்கமும் நீங்கினால், எஞ்சி நிற்பது மனித உறவே. எதனைக் களைவது, எதனைக் காப்பது என்று பிரித்தறிவதே சீர்திருத்தமாகும். அவ்வாறு பிரித்தறியும் வேலையில் புகைப்படக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இனிக் காட்டுவோம்.

பொதுவாக மக்கள் புகைப்படக்காரரை எவ்வாறு தேர்கின்றனர்? முதலில் கட்டணம். அடுத்து, அவர் முன்பு எடுத்த படங்கள். பிறகு, தெலுங்கர் முறைமையை அவர் அறிவாரா என்பது. இக்கேள்விகள் தவறானவை அல்ல. அரிசியில் பெயரெழுதும் கணம் மீண்டும் வாராது. அதனை அறியாதவர் அந்நேரத்தில் வாசற்படிக் கோலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். தாய்மாமன் கத்தரியை எடுக்கும்போது எப்பக்கம் நிற்பது என்று அறிந்தவரே வேண்டும். ஆதலின் பழக்க அறிவு தேவையே.

ஆனால் பழக்க அறிவு ஒன்றே போதுமா? முறைமை நன்கறிந்த புகைப்படக்காரரே முறைமையைத் தம் கருவிக்கு ஏற்ப வளைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். முன்னொரு வீட்டில் அன்னப் பிராசனத்திற்குச் சென்றிருந்தோம். குழந்தை தன் முன்னிருந்த பொருள்களையெல்லாம் விட்டுவிட்டு, அருகிலிருந்த அகப்பையைப் பற்றியது. கூடியிருந்தோர் நகைத்தனர். அது உண்மையான மகிழ்ச்சி. உடனே தந்தை அகப்பையைப் பிடுங்கி அப்பால் வைத்தார். புகைப்படக்காரர் குழந்தையின் கையை எழுதுகோல்மேல் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். குழந்தை அழுதது. அழுகை ஓயும்வரை காத்திருந்து படம் எடுத்தனர். இன்று அவ்வீட்டுச் சுவரில் எழுதுகோல் ஏந்திய குழந்தையைக் காணலாம். அகப்பையைப் பிடித்துச் சிரித்த குழந்தை எங்கே? அது எவர் நினைவிலும் இல்லை. தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று குழந்தைக்கு விடப்பட்ட ஒரே சடங்கிலும் பெரியோரின் ஆசையே முந்திக்கொண்டது.

இதனை நாம் பொய் என்போம். கடுஞ்சொல் என்று சிலர் வருந்தலாம். ஆனால் எழுத்தில் பொய் கூறுவோரைக் கண்டிக்கும் நாம், படத்தில் பொய் கூறுவோரை மட்டும் கலைஞர் என்று போற்றுவது எவ்வாறு முறையாகும்? இவ்வகைப் பொய்களுள் மிகவும் இழிந்தது ஒன்றுண்டு. கருநிறக் குழந்தையின் முகத்தைக் கணிப்பொறியில் இட்டு வெளுக்கச் செய்வது! கேளாமலே அவ்வாறு செய்து தரும் புகைப்படக்காரரும் உளர். செய்யும்படி கேட்கும் பெற்றோரும் உளர். தாய் தந்தையர் தந்த நிறம் போதாது என்று பிறந்த இருபத்தொன்றாம் நாளிலேயே ஒரு குழந்தைக்குச் சொல்வது எத்துணைக் கொடுமை! நிறவெறியை வெள்ளையரிடம் கண்டு வெகுண்ட நாம், அதனை நம் வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டி வைக்கிறோம்.

இனி, நம் மக்கள் படத்தில் இடம்பெற்ற வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் நன்று. 1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தகேர் என்பாரின் படமுறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1843ஆம் ஆண்டிலேயே டுட்ரான்குவா என்னும் ஓட்டல்காரர் சிங்கப்பூரில் அம்முறையில் படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த குடும்பத்தில் தோன்றிய மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, 1849இல் வெளியான தம் வரலாற்று நூலில் அப்புதுமையைக் கண்டு வியந்த செய்தியை எழுதியிருக்கிறார். ஆயினும் படம் எடுத்துக்கொள்வது பொருளுள்ளார்க்கே உரியதாய் இருந்தது. தோட்டத் தமிழரும் தோட்டத் தெலுங்கரும் பிறருடைய படத்தில் நின்றார்களேயன்றித் தமக்கென ஒரு படம் வைத்திருந்தார்களில்லை. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்குக் குடியேறி, 1879இல் அங்கேயே இறந்தார். அவர் அங்கு உழைப்பாளர் பலரைப் படம் எடுத்தார். அப்படங்கள் இன்றும் காட்சிச்சாலைகளில் போற்றப்படுகின்றன. எடுத்தவரின் பெயரை உலகம் அறியும். படத்தில் நிற்கும் பலருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

மலாயாவிலோ, 1948ஆம் ஆண்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்ட பின், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் படமும் பெருவிரற் பதிவும் கொண்ட அடையாள அட்டை பெறவேண்டும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. தோட்டத்து மக்களில் மிகப் பலர் தம் முகத்தை முதன்முதலில் படத்தில் கண்டது அவ்வட்டையிலேதான். அவர்கள் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவோ, பின்னோர் நினைக்க வேண்டும் என்பதற்காகவோ எடுத்த படம் அன்று அது; கண்காணிப்பதற்கு எடுத்த படம். நிற்க விருப்பமா என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. இன்னும் பலருக்கு வாழ்நாளில் ஒரு படமும் இல்லாமல், இறந்தபின் உடலை நாற்காலியில் சாய்த்து, மாலையிட்டு, ஒரே ஒரு படம் எடுத்து வைத்த வழக்கமும் தமிழ் மக்களிடையே இருந்தது. உயிரோடிருந்தபோது காசில்லை, இறந்தபின் கடன் வாங்கியேனும் ஒரு படம்! அத்தகைய மக்களின் வழிவந்த குழந்தைக்கு, இன்று பெயரிடுமுன்பே நூற்றுக்கணக்கான படங்கள் கைத்தொலைபேசியில் குவிந்துவிடுகின்றன. இம்மாறுதல் மகிழத்தக்கது. ஆனால் பெருகிய படங்களில் எவர் நிற்கின்றனர் என்பதைப் பார்த்த பின்னரே மகிழ வேண்டும்.

காத்தோங் நண்பர் இல்லத்திற்கு மீள்வோம். புகைப்படக்காரரைத் தேர்வதற்கு முன், மூத்த குழந்தையின் பாரசாலைப் படத் தொகுப்பைக் காட்டும்படி கேட்டோம். இரண்டாண்டுகட்கு முன் எடுத்தது. முந்நூறு படங்களுக்குக் குறையாது. தாள் உயர்ந்தது, நிறம் தெளிவு. தொட்டிலின் பூவேலை மட்டும் பதினான்கு படங்கள். வாழையிலையில் பரிமாறிய உணவு ஒன்பது. நண்பரின் அலுவலகத் தலைவர் நான்கு. கடைசித் தாள்வரை புரட்டிய பிறகு நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவ்வீட்டிலே தொண்ணூறு வயதை ஒட்டிய மூதாட்டி ஒருவர் இருக்கிறார். நண்பரின் நானம்மா, அதாவது தந்தையைப் பெற்ற தாய். குழந்தைகட்கு அவர் தாதம்மா. தோட்டத்தில் வளர்ந்து, தோட்டத்தில் உழைத்து, இளவயதிலேயே கணவரை இழந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அக்குடும்பத்தைக் காத்தோங்வரை கொண்டுவந்து சேர்த்தவர். முந்நூறு படங்களில் ஒன்றிலேனும் அவர் இல்லை.

ஏன் என்று கேட்டோம். நண்பர் தலைகுனிந்தார். விடை கூறியவர் அம்மூதாட்டியே. மங்கல காரியத்தில் தாம் முன்னே வரலாகாது என்று சமையலறை வாயிலிலேயே நின்றுகொண்டதாகவும், எவரும் தம்மைத் தடுக்கவில்லை என்றும், தாமே விலகியதாகவும் சொன்னார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கடமையாகச் சொன்னார். அதுதான் நம் நெஞ்சைச் சுட்டது. அடக்கப்பட்டவரே அடக்குமுறைக்குக் காவல் நிற்கும்படி செய்துவிடுவதல்லவா கொடிய வழக்கங்களின் வெற்றி!

1948இல் அரசாங்கத்தின் கருவி அவரைக் கேளாமல் படத்திற்குள் இழுத்தது. எழுபதாண்டுகட்கு மேலான பின், அவருடைய சொந்த வீட்டுக் கருவி அவரைக் கேளாமல் படத்திற்கு வெளியே நிறுத்தியது. இரண்டிலும் அவர் விருப்பத்திற்கு இடமில்லை. புகைப்படக்காரர் தீயவரல்லர். தமக்குக் காட்டியதை எடுத்தார். ஆனால் சமையலறை வாயிலில் ஒரு மூதாட்டி நிற்பதை அவர் கண்கள் கண்டிருக்க வேண்டும். "அவர் யார்?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கைம்பெண்ணை மங்கலமற்றவள் என்று ஒதுக்கும் வழக்கத்தைத் தெலுங்கு நாடே முன்னின்று எதிர்த்ததுண்டு. கந்துகூரி வீரேசலிங்கம் அவர்கள், ஊரும் உறவும் பகைத்து நிற்க, 1881ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் இராஜமகேந்திரவரத்தில் கைம்பெண் மறுமணத்தை நடத்தி வைத்தார். நண்பரின் மனைவியார் அவ்வூரினர். பள்ளியில் அவ்வரலாற்றைப் படித்தவர். இதை நாம் எடுத்துரைத்தபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். கைம்பெண் மணமகளாகலாம் என்று தம் ஊர் ஒப்புக்கொண்டு நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும், தம் வீட்டில் ஒரு கைம்பெண் தொட்டிலைத் தொடக்கூட முடியவில்லையே என்று அவர் பிறகு வருந்திக் கூறினார்.

இங்கேதான் நமது கேள்விக்கு விடை தோன்றுகிறது. பாரசாலைப் படம் எவருக்காக? விருந்தினர்க்காக அன்று, அவர்கள் நேரில் கண்டவர்கள். பெற்றோர்க்காக மட்டும் அன்று, அவர்கட்கு நினைவுண்டு. குழந்தை ஒன்றே அன்று கண் விழித்திருந்தும் எதையும் அறியாதது. இருபதாண்டுகட்குப் பிறகு அப்படத் தொகுப்பைப் புரட்டி, 'என்னை வரவேற்றவர்கள் இவர்கள்' என்று அது அறிந்துகொள்ளும். ஆகவே அத்தொகுப்பு குழந்தைக்கு நாம் கொடுக்கும் சாட்சியம். அதில் தாதம்மா இல்லையெனில், அவர் அக்குடும்பத்தில் இல்லவேயில்லை என்று நாம் பொய்ச்சாட்சி கூறியவராவோம். அலுவலகத் தலைவர் நான்கு படங்களில் நிற்க, வளர்த்த மூதாட்டி ஒன்றிலும் நில்லாமற் போனால், எவரை மதிக்க வேண்டும், எவரை மறைக்க வேண்டும் என்ற பாடத்தை அத்தொகுப்பே அக்குழந்தைக்குக் கற்பிக்கும்.

"புகைப்படக்காரர் கூலிக்கு வேலை செய்பவர். குடும்பத்தைத் திருத்துவது அவர் வேலையா?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. முதற் பொறுப்பு வீட்டாருடையதே. அதனை ஒரு தொழிலாளியின் தோள்மீது ஏற்றிவிட்டு நாம் தப்புவது அறமன்று. ஆனால் நல்ல தையற்காரர் அளவெடுக்குமுன், உடுத்தப்போகிறவர் யார் என்று கேட்கிறார். அவ்வாறே நல்ல புகைப்படக்காரர், விழாவிற்கு முன்பே, "வீட்டில் யார் யார் உள்ளனர்? நெடுநேரம் நிற்க முடியாதவர் எவர்? படத்தில் வர விரும்பாதவர் எவர்?" என்று வினவுவார். இம்மூன்று கேள்விகளும் உள்ளவரே நமக்கு வேண்டியவர். இவற்றுக்குக் காசு செலவில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. வேண்டுவது மனிதரைக் காணும் கண்.

அக்கண்ணை எதிர்பார்க்கும் நாம், அவரை மனிதராக நடத்தவும் கடமைப்பட்டிருக்கிறோம். பேசிய கூலியை விழா முடிந்தபின் பேரம்பேசிக் குறைப்பதும், ஐந்து மணி நேரம் நின்று உழைப்பவரைச் சாப்பிட அழையாமல் விடுவதும், பந்தியில் இடமிருந்தும் அவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதும் நம் வீடுகளில் நடப்பவையே. எவரை ஒதுக்குகிறோம் என்று புகைப்படக்காரர் கவனிக்க வேண்டும் என்று கேட்பவர், புகைப்படக்காரரையே ஒதுக்கலாகாது.

அடுத்து, குழந்தையின் உடல். பிறந்து மூன்று வாரமே ஆன சிசுவுக்குத் தலையைத் தாங்கும் வலிமை கழுத்தில் இல்லை. கைகளின்மேல் மோவாயை ஊன்றித் தவளைபோல் அமர்ந்திருக்கும் படங்களைப் பலர் கண்டு மயங்குகின்றனர். அவற்றை முறையாக எடுப்பவர், ஒருவர் தலையையும் பின்னர் கையையும் பிடித்திருக்க இரு படங்கள் எடுத்து, பிடித்த கைகளை நீக்கி ஒன்றாக இணைக்கின்றனர். இதை அறியாமல் குழந்தையை உள்ளபடியே அவ்வாறு உட்கார வைக்க முயல்பவரை வீட்டுக்குள் விடலாகாது. பசித்தால் படத்தை நிறுத்துவாரா, உறங்கினால் எழுப்பாதிருப்பாரா, இருமல் கண்டால் தாம் வாராமல் வேறொருவரை அனுப்புவாரா என்று கேட்டறிய வேண்டும். வீட்டாரும் மூடிய அறையில் புகை மூட்டம் எழுப்பிச் சிசுவின் மூச்சை வருத்தலாகாது. கூன் செங் சாலையின் வண்ண வீடுகள் படத்திற்கு அழகுதான். அதற்காக நண்பகல் வெயிலில் பச்சைக் குழந்தையை ஏந்தி அயலார் வாயிற்படியில் நிற்பது அழகன்று.

இறுதியாக, படம் எடுத்தபின் அது எங்கே போகிறது? இக்கேள்வியை நம் மக்கள் கேட்பதேயில்லை. சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, உடன்படிக்கை வேறு கூறாவிடில், எடுக்கச் சொன்னவருக்கே சேர்ந்தது. 2021ஆம் ஆண்டின் புதிய சட்டம் நவம்பர் 21 முதல் அதை மாற்றிவிட்டது. உடன்படிக்கை வேறு கூறாவிடில், உரிமை இப்பொழுது எடுத்தவருக்கே. உழைத்தவனுக்கு அவன் உழைப்பின் பயன் சேர வேண்டும் என்பது நமது கொள்கையாதலின் இம்மாற்றத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் படம் புகைப்படக்காரருடைய உழைப்பு. அதிலுள்ள முகம் குழந்தையினுடையது. உடன்படிக்கையில் ஒரு வரி எழுதாமல் விட்டால், அம்முகம் விளம்பரமாக எங்கெங்கும் உலவக்கூடும். ஆகவே விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாமா, கூடாதா, மூலப்படங்களை எத்துணைக் காலம் வைத்திருப்பார் என்பவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்ளல் வேண்டும். எழுதிக்கொள்ள மறுப்பவரை அமர்த்தாதீர்.

புகைப்படக்காரரைக் கட்டுப்படுத்திவிட்டுப் பெற்றோர் தாமே உலகத்திற்கெல்லாம் படத்தைப் பரப்பினால் என்ன பயன்? கண்ணேறு படும் என்று குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு இடுகின்றனர். அயலாள் ஒருத்தி உற்று நோக்கினால் முகம் சுளிக்கின்றனர். அதே கன்னத்தை அன்று மாலையே முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றி, முன்பின் அறியாத ஆயிரம் கண்களுக்குக் காட்டி, எத்தனை பேர் பார்த்தனர் என்று எண்ணி மகிழ்கின்றனர்! கண்ணேறு இல்லை என்பது நம் கருத்து. ஆனால் கெட்ட நோக்கமுள்ள கண்கள் உண்டு. ஒருமுறை வெளிப்போன படத்தை மீட்க இயலாது என்பதும் உண்மை. குழந்தையின் அந்தரங்கத்தில் எவரும் முறையின்றித் தலையிடலாகாது என்று 1989ஆம் ஆண்டின் உலகக் குழந்தையுரிமை உடன்படிக்கை கூறுகிறது. சிங்கப்பூர் 1995இல் அதில் சேர்ந்தது. பிரான்சு தேசம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு சட்டம் இயற்றி, குழந்தையின் உருவத்தின்மீது குழந்தைக்குள்ள உரிமையைத் தாயும் தந்தையும் சேர்ந்து காக்கக் கடமைப்பட்டவர் என்று விதித்தது. பெற்றோர் குழந்தைக்குக் காவலரே அன்றி உடைமையாளர் அல்லர் என்பதே இவற்றின் கருத்து.

"பேராக்கிலுள்ள பெரியம்மாவும், கோதாவரிக் கரையிலுள்ள அம்மம்மாவும் குழந்தையைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பீர். கட்டாயம் பார்க்க வேண்டும். கடல் கடந்து வாழும் நமக்குப் படமே பாலம். உறவினருக்கு அனுப்புவது உறவு. ஊருக்கெல்லாம் காட்டுவது விளம்பரம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோட்டை ஒவ்வொரு குடும்பமும் தானே வரைந்துகொள்ளட்டும். இருபது படங்களையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் உறவும் எழுதி வைப்பது நன்று. கேமரன் அம்மையாரின் படங்களில் நின்ற நம் மக்களுக்கு நேர்ந்த பெயரின்மை நம் வீட்டிலேயே மீண்டும் நேரலாகாது.

நண்பர் குடும்பம் என்ன செய்தது என்று வாசகர் அறிய விரும்புவர். மூவருள் கட்டணத்தில் நடுவராக இருந்த ஓர் இளைஞரை அமர்த்தினர். அவர் முதல் நாளே வீட்டிற்கு வந்து, நாம் மேலே குறித்த கேள்விகளைத் தாமாகவே கேட்டார் என்பதே காரணம். விழாவன்று உறவினரான அம்மையார் ஒருவர் முணுமுணுத்தார். தாதம்மாவோ, குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சி வர மறுத்தார். தாயார் ஒன்றும் பேசவில்லை. தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துச்சென்று சமையலறை வாயிலில் அமர்ந்திருந்த அவர் மடியில் வைத்தார். மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இளைஞர் கருவியைத் தாழ்த்திக்கொண்டு அப்பால் திரும்பி நின்றார். நெடுநேரம் சென்றபின், மூதாட்டியே அவரை நோக்கித் தலையசைத்தார். அதன் பின்னரே படம் எடுக்கப்பட்டது.

அப்படத்தில் தொட்டிலில்லை; பூவேலையில்லை; வெளிச்சமும் சற்றுக் குறைவுதான். ஆனால் கேட்டு எடுத்த படம் அது. தொண்ணூறாண்டு வாழ்வில் அவர் சம்மதம் கேட்கப்பட்டு எடுத்த முதற் படம் அதுவாகவே இருக்கலாம்.

அன்பர்காள்! தோட்டத்திலாயினும் நகரிலாயினும் உங்கள் வீட்டில் தொட்டில் கட்டும் நாள் வரும். புகைப்படக்காரர்களின் கட்டண விவரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், தவறில்லை. அதற்கு முன், உங்கள் வீட்டுப் பழைய படத் தொகுப்பை எடுத்து ஒருமுறை புரட்டுங்கள். அதில் இல்லாதவர் எவர் என்று எண்ணுங்கள். அவரை அழைத்து வரத் துணியுங்கள். அதன் பிறகு, அவரைக் காணும் கண்ணுடைய ஒருவரைத் தேடி அமர்த்துங்கள்.